மெட்டும் நெடுஞ்சாலையும்: போடி – மூணாறு மலைவழியின் வரலாறு

கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்திற்கு முன் 49 என்று வழங்கப்பெற்றது; அதன் மலைப்பகுதி பின்னர் 85 என்று வழங்கப்பெறுகிறது. ஏறத்தாழ 440 கி.மீ. நீளமுள்ள இச்சாலையின் ஒரு முனையில் பெருந்துறைமுகம் உள்ளது. மறுமுனையில் 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன ஊர் உள்ளது. இரண்டிற்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கிடுகிறது. நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்து, அடிமாலி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டை அடையும் சாலை, அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்கிப் போடிநாயக்கனூர்ச் சமவெளியைச் சேர்கிறது. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களையும் இணைக்கும் மலைச்சாலைகளுள் இப்பகுதி அளவிற்குப் பலமுறை இடிந்து, பலமுறை தடம் மாறி, பலர் உரிமை கொண்டாடிய சாலை வேறில்லை எனலாம்.

இச்சாலையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் 1877ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்கு முன் அம்மலைகள் மனிதர் தடம் அறியாத காடாகக் கிடந்தன என்னும் எண்ணமும் அந்நூல்களினூடே ஓடுகிறது. இவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று. வழி இருந்தது, சாலைதான் இல்லை. வழி இருந்தமைக்குச் சான்றாகக் கல்வெட்டைத் தேடவேண்டியதில்லை. இடப்பெயர்களே போதுமானவை.

மெட்டு என்னும் பெயர்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரத்தை அடுத்த சாக்குலூத்துமெட்டு எனத் தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில் நிரையாக வரும் பெயர்கள் ‘மெட்டு’ என்று முடிகின்றன. மலைமுகட்டில், ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தை இச்சொல் சுட்டுகிறது. இதனை ‘மேடு’ என்பதன் திரிபு என்று கொள்வாரும் உளர். தெலுங்கில் மெட்டு என்பது படியைக் குறிக்கும். கன்னடத்தில் மிதித்தல் என்னும் பொருளில் வழங்கும். போடிநாயக்கனூரும் அதன் சுற்றுப்புறமும் தெலுங்கு பேசிய பாளையக்காரர் ஆளுகைக்கு உட்பட்டிருந்தவை என்பதை நோக்க, படிப்படியாக ஏறிச் செல்லும் வழி என்னும் பொருளும் புறக்கணிக்கத்தக்கதன்று.

சொல்லின் மூலம் எதுவாயினும், முன்னொட்டாக நிற்கும் ஊர்ப்பெயரே இங்குக் கருதத்தக்கது. போடிமெட்டு என்பது போடிக்குரிய மெட்டு. கம்பம்மெட்டு என்பது கம்பத்திற்குரிய மெட்டு. இரண்டு பெயர்களும் கீழேயுள்ள சமவெளி ஊரின் பெயரால் அமைந்தவை. மலைமேல் வாழ்ந்தோர் இட்ட பெயராயின், மலைமேலுள்ள ஓர் ஊரோ ஓடையோ முன்னொட்டாக வந்திருத்தல் கூடும். மேற்கிலிருந்து ஏறி வந்தோர் இட்ட பெயராயின், மலையாள நாட்டு ஊரொன்றின் பெயர் அமைந்திருக்கும். கிழக்கே சமவெளியில் நின்று, தம் ஊரிலிருந்து மலைக்கு ஏறும் வாயில் இதுவெனச் சுட்டியோர் இட்ட பெயர்கள் இவை. ஏலமும் மிளகும் பிற மலைபடு பொருள்களும் இறங்கிய வழியும், உப்பும் தானியமும் துணியும் ஏறிய வழியும் அதுவே.

மலைவாழ் முதுவர் மரபும் இதற்கு அரண் செய்கிறது. தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றும், முதுகில் சுமந்து ஏறியதால் முதுவர் எனப்பட்டனர் என்றும் அவர்கள் கூறுகின்றனர். பெயர்க்காரணம் மக்கள் வழக்கில் எழுந்த விளக்கமாகவே இருக்கலாம். எனினும் தமிழோடு நெருங்கிய அவர்களுடைய மொழியும், கிழக்கிலிருந்து ஏறி வந்ததைச் சொல்லும் நினைவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரும் தம்மைப் பாண்டியர் வழியினர் என்றும், மலை கடந்து மேற்கே வந்தவர் என்றும் கூறிக்கொள்கின்றனர். குத்தகை கொடுத்தவர், காட்டில் வழிகாட்டியவர் ஆகிய இருசாராரும் இம்மலையைக் கிழக்கிலிருந்து கடந்ததாகவே தம் தொடக்கக் கதையைச் சொல்வது நோக்கத்தக்கது.

மலைவழி பற்றிய பழந்தமிழ்ச் செய்திகளை இவ்விடத்திற்கு நேராகப் பொருத்திக் காட்டுதல் பொருந்தாது. ஆயினும் வழி, சாலை என்னும் வேறுபாட்டை விளக்க அவை உதவும். மலைபடுகடாம் கூத்தருக்குக் காட்டும் வழி, மனிதர் செய்த வழியன்று. கால்பட்டுத் தேய்ந்த வழி. வழுக்கும் பாறை, விலங்கு பிடிக்க வைத்த பொறி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என அதன் இடர்கள் ஒவ்வொன்றும் நடப்பவனுக்கு முன்கூட்டிச் சொல்லப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியில் உல்கு கொள்ளப்படுகிறது. அங்கே வழியோடு அரசும் வந்துவிடுகிறது. மலையை வெட்டி வழி செய்தல் என்னும் கருத்தோ, மோரியரின் தேர் செல்வதற்காக மலை குறைக்கப்பட்ட செய்தியில்தான் வருகிறது. அகநானூறு 69, 251, 281 ஆகிய பாடல்களிலும் புறநானூறு 175ஆம் பாடலிலும் இடம்பெறும் இச்செய்தி வரலாறா, தொன்மமா என்னும் விவாதம் நெடியது. எவ்வாறாயினும், சக்கரம் வரும்போதுதான் மலை வெட்டப்படுகிறது என்பது அப்பாடல்களில் தெளிவு. காலுக்கும் குளம்பிற்கும் மலை வழிவிடும், சக்கரத்திற்கு விடாது. கோவையை அடுத்துக் கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு பாலக்காட்டுக் கணவாயின் திசையைச் சார்ந்தது. அங்கே மலை தானாகவே விலகி நிற்கிறது. போடியில் அவ்வாறில்லை.

தேயிலையின் வழி

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தபோது இம்மலைப்பகுதியும் அளவைக்கு உள்ளாயிற்று. மன்றோவின் குத்தகைக்குப் பின் 1879இல் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று அமைந்தது. காப்பி, சின்கோனா, ஏலம் எனப் பலவும் பயிரிட்டுப் பார்க்கப்பட்டன. இறுதியில் நிலைத்தது தேயிலை. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் பரப்புள்ள அக்குத்தகை நிலத்தில் விளைந்த தேயிலையை வெளியே கொண்டுசெல்வதே பின்னர் வந்த முதற்பெரும் சிக்கலாயிற்று.

அச்சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வும் கிழக்கு நோக்கியதே. மூணாற்றிலிருந்து மலைமுகட்டின் கிழக்கு விளிம்பு வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. ஒரு தண்டவாளத்தின் மீது சிறு சக்கரங்களும், தரையில் ஊன்றி உருளும் பெரிய சக்கரமும் கொண்ட வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. விளிம்பிலிருந்து கீழே குரங்கணி நோக்கிக் கம்பிவடத் தடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறக்கப்பட்டன. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிக்கும், மதுரை – திண்டுக்கல் இருப்புப்பாதையிலுள்ள அம்மையநாயக்கனூருக்கும், பின்னர்த் தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் அவை சென்றன. இன்று சுற்றுலாப் பயணிகள் செல்லும் டாப் ஸ்டேஷன் என்னும் இடத்தின் பெயர் இக்கம்பிவடத்தின் மேல்முனையைக் குறித்தது. இடையிலிருந்த சென்ட்ரல் ஸ்டேஷனும் பெயரளவில் நிலைத்துள்ளது. வடம் அறுந்து, தண்டவாளம் அகன்ற பின்னும் பெயர் நிற்கிறது.

இவ்வழியில் தேயிலை இறங்கியது, மனிதர் ஏறினர். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டிய தொழிலாளர் போடி வழியாக நடந்தே மலையேறினர். காடு வெட்டியதும், தடம் அமைத்ததும், பாறை உடைத்ததும், லயங்கள் கட்டியதும் அவர்கள் கைகளே. தோட்ட முதலாளிகளின் நினைவுக் குறிப்புகளில் அளவையாளர், பொறியாளர், மேலாளர் ஆகியோரின் பெயர்கள் குறைவின்றிக் கிடைக்கின்றன. சாலை வெட்டியோர் எண்ணிக்கையாகவே வருகின்றனர். இக்குறை இம்மலைக்கு மட்டும் உரியதன்று என்றாலும், வேறு வகையில் அவர்களுடைய சுவடு இங்கு எஞ்சியுள்ளது. ‘லாக்ஹார்ட்’ என்னும் ஆங்கிலத் தோட்டப்பெயர் தொழிலாளர் நாவில் ‘லாக்காடு’ ஆயிற்று. மலையகப் பேச்சில் ‘காடு’ என்பது வேலை செய்யும் தோட்டப்பகுதியையும் குறிக்கும். ஆகவே இது வெறும் ஒலித்திரிபு ஆகாது, பொருள்படுத்திக்கொண்ட திரிபு. இன்று மலையாள வழக்கிலும் அவ்வடிவமே நிலைபெற்றுள்ளது.

தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், பெய்த பெருமழை இம்மலையின் போக்குவரத்தை முற்றிலும் புரட்டியது. கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனக் குறிப்பிடும் அவ்வெள்ளத்தில் மூணாறு மூழ்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை அழிந்தது. பின்னர் அது மீண்டும் இடப்படவில்லை. மேற்கே கோதமங்கலம், பூயங்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலையும் கரிந்திரி மலை சரிந்ததில் துண்டிக்கப்பட்டது. அத்தடம் கைவிடப்பட்டு, நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் வழியாகப் புதிய தடம் வெட்டப்பட்டது. 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே வளைவுப் பாலம் திறக்கப்பட்டது. இன்றைய நெடுஞ்சாலையின் மேற்குப் பாதி இவ்வாறு ஓர் அழிவின் பிள்ளையாகப் பிறந்தது.

இதன் விளைவு வெறும் பொறியியல் சார்ந்ததன்று. அதுவரை கிழக்கே தூத்துக்குடியை நோக்கியிருந்த மூணாற்றின் முகம், மெல்ல மெல்ல மேற்கே கொச்சியை நோக்கித் திரும்பியது. கொச்சியில் புதிய துறைமுகம் உருவாகிவந்த காலமும் அதுவே. 1928 நவம்பரில் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது. நான்காண்டுகளுக்கு முன் வந்திருப்பின் வணிகத்தின் போக்கு எவ்வாறிருந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது. அப்பாதையும் இரண்டாம் உலகப்போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் போடி வரை திறக்கப்பட்டது.

மாநில எல்லை

போடிமெட்டு நெடுங்காலமாக எல்லையாகவே இருந்துவருகிறது. முன்னர் அது சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூர் அரசிற்கும் இடைப்பட்ட எல்லை. 1956 நவம்பர் முதல் நாளில் அது மொழிவழி மாநிலங்களின் எல்லையாயிற்று. எல்லைக்கோடு பெரிதும் மாறவில்லை. அதன் பொருள் மாறியது.

தேவிகுளம், பீருமேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கவேண்டும் என்பது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்விரு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் மிகுந்திருந்தனர் என்பதை 1955இல் அறிக்கையளித்த ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழுவும் மறுக்கவில்லை. தோட்டத் தொழிலாளருள் பலர் நிலைகுடிகள் அல்லர் என்பதும், அம்மலைகளின் பொருளியல் இன்றியமையாமையும் மறுபக்கத்தில் வைக்கப்பட்டன. முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன.

அவ்வாதத்தில் சாலைக்கு ஒரு மறைமுகமான பங்கு உண்டு. எந்த வழியில் ஏறி வந்தனரோ அந்த வழியே அவர்களை வந்தேறிகளாகக் காட்டிற்று. மூன்று தலைமுறையாக லயங்களில் வாழ்ந்தும், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் போடி இறக்கத்தில் ஊர் திரும்பிய வழக்கம் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. ஊரோடு உறவு அறாதவர் நிலைகுடி ஆகார் என்னும் இவ்வளவுகோல், சொந்த நிலம் வாங்க வழியற்ற தோட்டத் தொழிலாளர்க்குப் பொருந்துமா என்பது அன்று போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

எல்லை பிரிந்தபின்னும் பொருளியல் பிரியவில்லை. ஏலக்காய் மேலே விளைகிறது. ஏலமோ போடியிலும் மலைமேல் புற்றடியிலும் மாறிமாறி நடைபெறுகிறது. தேனி மாவட்டத் தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வாயில்களிலும் ஏறி, மாலையில் இறங்குகின்றனர். இவ்வன்றாடப் போக்குவரத்து எவ்வளவு நொய்மையானது என்பதை 2011 டிசம்பர் காட்டியது. முல்லைப் பெரியாற்று அணைப் பூசல் முற்றியபோது எல்லைவழிகள் அடைபட்டன. மலைமேலிருந்த தமிழ்த் தொழிலாளருள் பலர் சாலையைத் தவிர்த்துக் காட்டுப் பாதைகளில் இறங்கி ஊர் சேர்ந்தனர். சாலைக்கு முன்பிருந்த வழி, சாலை மூடியபோது மீண்டும் பயன்பட்டது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலும் அனுமதிச் சீட்டின்றி மெட்டைக் கடக்க இயலவில்லை.

வெட்டப்பட்ட மலை

மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான ஏறத்தாழ 42 கி.மீ. தொலைவை இருவழிச் சாலையாக அகலப்படுத்தும் பணி 2017இல் தொடங்கியது. ஏறத்தாழ 380 கோடி ரூபாய் மதிப்பிலான அப்பணி நிறைவுற்று 2024 ஜனவரியில் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலமே இச்சாலையின் அண்மை வரலாற்றில் மிகக் கடுமையானது.

இம்மலைச்சாலைக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை மூணாற்றுப் பக்கத்தை நனைக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை போடி இறக்கத்தைத் தாக்குகிறது. ஒரே ஆண்டில் ஒரே சாலையின் இரு சரிவுகளும் வெவ்வேறு காலங்களில் நெகிழ்கின்றன. கடும்பாறை மீது மண்போர்வை கிடக்கும் சரிவில் அடிப்பகுதியை வெட்டி எடுத்தால், மேலுள்ள மண்ணும் உருண்டைக் கற்களும் தாங்குதலை இழக்கும். மழைநீர் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே புகும்போது போர்வை முழுதும் வழுக்கி இறங்கும். ஆதலின் மலைச்சாலையில் வெட்டின் சாய்வும் நீர்வடிகாலும் தார்ப்பரப்பினும் இன்றியமையாதன. பழைய சாலை குறுகலாயிருந்தமைக்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. குறைவாக வெட்டியதால் மலை குறைவாகவே அசைந்தது.

தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு பகுதியில் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2019 ஜூலையிலும் அக்டோபரிலும், மீண்டும் 2020 ஜூனிலும் அங்கே பெருஞ்சரிவுகள் நேர்ந்தன. 2019 அக்டோபர்ச் சரிவில் சாலைப்பணியில் இருந்தோர் உயிரிழந்தனர், எந்திரங்கள் புதையுண்டன. கீழேயிருந்த ஏலத்தோட்டங்களும் பயிர்நிலங்களும் கற்குவியலுக்கு அடியில் மறைந்தன. பாறை உடைத்த முறை அறிவியலுக்கு ஒவ்வாதது என்னும் குற்றச்சாட்டும், தேவைக்கு மேல் பாறை எடுக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டும் எழுந்தன. பல திங்கள்கள் போக்குவரத்து முடங்கியது.

அதே 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றின் வடக்கே பெட்டிமுடியில் லயங்களின் மீது மலை சரிந்து எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர்; கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். பெட்டிமுடிச் சரிவிற்கும் கேப் ரோட்டுப் பணிக்கும் தொடர்பில்லை. அது வேறு பள்ளத்தாக்கு, வேறு சரிவு. ஆயினும் சாலை என்பதன் பொருள் அவ்விரவில் வேறொரு வகையில் வெளிப்பட்டது. தொலைத்தொடர்பு அற்றமையால் செய்தி காலையில்தான் வெளியே எட்டியது. மூணாறு – மறையூர்ச் சாலையில் பெரியவரைத் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் பழுதுபட்டிருந்ததால் மீட்பு ஊர்திகள் தடைப்பட்டன. மலையையே வெட்டி நெடுஞ்சாலை அமைக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அம்மலையில் தேயிலை பறித்தோரின் குடியிருப்புக்கு அருகே ஒரு சிறு பாலம் நிலையான கட்டுமானமின்றி நின்றது. நெடுஞ்சாலை யாருக்காக என்னும் வினாவை வரலாற்றாசிரியர் எழுப்பவேண்டிய இடம் இதுவே.

சாலையின் அகலம் விலங்குகளின் வழியையும் தொடுகிறது. சின்னக்கானல், மதிகெட்டான் சோலைப் பகுதிகள் யானைகளின் வாழிடம். மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, அடுத்த திங்களே கம்பம் நகருக்குள் இறங்கியது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறையால் பிடிக்கப்பட்டுக் களக்காடு – முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மாநில எல்லையை அது எந்த மெட்டில் கடந்தது என்பதை எந்தச் சோதனைச் சாவடியும் பதியவில்லை.

சாவடிகளும் மாறின. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் விற்பனை வரிச் சாவடிகள் நீங்கின. புதிய சாலை திறந்தபின் லாக்காட்டில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி அமைந்தது. பொருளின் மீதிருந்த உல்கு, வழியின் மீதான கட்டணமாயிற்று. தொழிலாளர் திரித்து வழங்கிய ‘லாக்காடு’ என்னும் பெயரே இன்று அச்சாவடிக்கும் பெயராக வழங்குகிறது.

மேற்கே நேரியமங்கலம் முதல் வாளறை வரையிலான ஏறத்தாழ 14 கி.மீ. காட்டுப்பகுதியில் அகலப்படுத்தும் பணி வேறொரு தடையைச் சந்தித்தது. 1924க்குப் பின் வெட்டப்பட்ட அத்தடத்தின் இருமருங்கிலுமுள்ள நிலம் சாலைக்குரியதா, காப்புக்காட்டிற்குரியதா என்னும் பூசல் கேரள உயர்நீதிமன்றம் வரை சென்றது. திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் சாலைக்கென ஒதுக்கப்பட்ட அகலம் எவ்வளவு என்பதே அவ்வழக்கின் மையமாயிற்று. நூறாண்டுக்கு முன் ஒரு வெள்ளத்தின் அவசரத்தில் வெட்டப்பட்ட சாலையின் ஆவணங்கள், அவ்வாறு மீண்டும் தேடி எடுக்கப்பட்டன.